பாறைச் சரிவும் பார்க்கும் கண்ணும்

மலையைப் பாடாத தமிழ்ப் புலவர் அரியர். மலையை வணங்காத ஊரும் நம் நாட்டில் அரிது. ஆயினும், பாடுதற்கும் வணங்குதற்கும் முன்னே செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. அது மலையை உற்றுப் பார்த்தல். அவ்வொரு வேலையையே தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் செய்து முடித்தார் பிரெஞ்சு நாட்டு ஓவியர் ஒருவர். அவர் தீட்டிய பாறைச் சரிவு ஒன்றின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம். அவ்வரலாறு பிரெஞ்சு நாட்டோடு நின்றுவிடுவதன்று. கொழும்பு, சென்னை, சிங்கப்பூர் ஆகிய நகரங்களைத் தொட்டு வந்து, மலாக்கா மாநிலத்து லூபோக் சீனாவைச் சூழ்ந்த சரிவுகளில் உழைத்து வாழ்ந்த நம்மவரிடத்தும் ஒரு கேள்வியைக் கேட்கின்றது.

அப்படம் ஜெர்மனி நாட்டின் எஸ்ஸன் நகரில், ஃபோல்க்வாங் என்னும் காட்சிச்சாலையில் உள்ளது. ஏறத்தாழ 1895-ஆம் ஆண்டில் தீட்டப்பெற்றது. தீட்டியவர் பால் செசான். படத்தின் பெயர் ‘பிபேமுஸ் கல்வெட்டாங்குழி’. அதில் அரசர் இல்லை; தெய்வம் இல்லை; போர் இல்லை; காதலர் இல்லை. செம்மஞ்சள் நிறத்த பாறைச் சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து நிற்கின்றன. அவற்றின் இடுக்குகளினின்றும் உச்சியினின்றும் பச்சை மரங்களும் புதர்களும் தலைநீட்டுகின்றன. மேலே சிறிதளவு வானம். இவ்வளவே. “இதில் என்ன கதை இருக்கிறது?” என்று வினவுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். கதை படத்திற்குள் இல்லை என்பது உண்மை. படம் பிறந்த இடத்திலும், அது பட்ட பாட்டிலும் கதை நிரம்ப உண்டு.

கல் கொடுத்த குன்று

தென் பிரெஞ்சு நாட்டில் ப்ரொவான்ஸ் என்னும் நிலப்பகுதியில் எக்ஸ் என்னும் பழைய நகரம் உள்ளது. அதற்குக் கிழக்கே, சேந்த் விக்துவார் என்னும் மலைக்கு எதிரே, பைன் மரங்கள் செறிந்த மேட்டுநிலம் ஒன்று கிடக்கின்றது. அதுவே பிபேமுஸ். உரோமர் காலந்தொட்டு அங்கே கல் வெட்டினர். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் எக்ஸ் நகரத்துச் செல்வர் கட்டிய மாளிகைகளுக்கும் அங்கிருந்தே கல் சென்றது. இரும்புச் சத்துக் கலந்த அக்கல், தேன் நிறமும் காவி நிறமும் கொண்டது. நகரம் அழகு பெற்றது, குன்று குழியாயிற்று. செசான் அங்கே சென்று வண்ணப் பலகையை விரித்த காலத்தில் உளியோசை அடங்கிவிட்டது. வெட்டிய சுவர்களும், வெட்டாது விடப்பட்ட தூண் போன்ற பாறைகளும், மனிதர் கைவிட்ட இடத்தில் மீண்டும் முளைத்த மரங்களுமே எஞ்சின.

மலாக்காவை அறிந்தோர்க்கு இக்காட்சி முற்றும் புதிதன்று. 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபின் எழுப்பிய ‘ஏ ஃபமோசா’ கோட்டை, அந்நிலத்துச் செம்பூரான்கல்லால் ஆனது. வெட்டும்போது மென்மையாகவும், காற்றும் வெயிலும் பட்டபின் கடினமாகவும் மாறும் அக்கல்லின் செந்நிறமும் இரும்பின் செந்நிறமே. 1807-இல் ஆங்கிலேயர் அக்கோட்டையை இடிக்கத் தொடங்கினர். இன்று ஒரு வாயில் மட்டும் எஞ்சி நிற்கின்றது. மலேசிய மண்ணியலார், செம்பூரான்கற் பரல் நிறைந்த ஒருவகை மண்ணுக்கு ‘மலாக்கா’ என்றே பெயரிட்டுள்ளனர். கோட்டையை எல்லாரும் படமாக எழுதினர். கோட்டைக்குக் கல் கொடுத்த சரிவை எழுத வேண்டும் என்று எண்ணியவர் எத்தனை பேர்? செசானின் புதுமை இவ்விடத்தே தொடங்குகின்றது. எக்ஸ் நகரத்து மாளிகைகள் அவர் கண்முன்னே நின்றன. அவரோ அவற்றுக்குக் கல் கொடுத்த குழியை நாடிச் சென்றார்.

வங்கியாளர் மகன்

செசான் 1839-இல் எக்ஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் தொப்பி வாணிகம் செய்து பொருளீட்டிப் பின்னர் வங்கி நிறுவியவர். மகன் வழக்கறிஞனாக வேண்டும் என்பது தந்தையின் எண்ணம். மகன் சட்டம் பயின்றார்; மனம் பற்றவில்லை. 1861-இல் பாரிஸ் சென்றார். இளமைத் தோழரான எமிலி ஜோலா அங்கே இருந்தார். செசானோ ஆண்டுதோறும் அரசாங்க ஓவியக் காட்சிக்குப் படம் அனுப்பினார்; ஆண்டுதோறும் அது திரும்பி வந்தது. அவர் வாழ்நாளில் 1882-ஆம் ஆண்டு ஒருமுறையே அக்காட்சியின் கதவு அவர்க்குத் திறந்தது.

அந்நாளில் மோனே, பிசாரோ, ரெனுவார் முதலியோர் ஓவியக்கூடத்தின் சுவர்களை விட்டு வெளியேறி, வெட்டவெளியில் வெயிலையும் நீரையும் பனியையும் கண்டவாறே தீட்டலாயினர். கணத்துக்குக் கணம் மாறும் ஒளியைப் பற்றுதலே அவர் நோக்கம். 1874-இல் அவர்கள் தனியே காட்சி நடத்தினர். அவர்களை இகழும் பொருட்டுச் சூட்டப்பட்ட ‘இம்ப்ரெஷனிஸ்ட்’ என்னும் பெயரே பின்னர் அவர்க்குப் புகழ்ப்பெயர் ஆயிற்று. செசானும் அக்காட்சியிற் கலந்துகொண்டார். தம்மினும் ஒன்பதாண்டு மூத்த பிசாரோவோடு நாட்டுப்புறங்களில் அமர்ந்து தீட்டி, இருண்ட வண்ணங்களைக் கைவிட்டு, இயற்கை ஒளியைக் காணக் கற்றார்.

ஆனால் கணத்தில் மறையும் தோற்றம் மட்டும் அவர்க்குப் போதவில்லை. ஒளி மாறும்; மேகம் போகும்; பாறை நிற்கும். நிற்கின்ற அதனை, மாறுகின்ற ஒளியினூடே எங்ஙனம் காட்டுவது? இக்கேள்வியோடு அவர் பாரிஸை விட்டுத் தம் ஊர்ப் பக்கமே திரும்பினார். இளமையில் அவருடைய தோழர் ஒருவர் இயற்கை நூல் வல்லவர். அந்துவான் ஃபொர்த்துனே மரியோன் என்பது பெயர். அவர் பின்னர் மார்சேல் நகர இயற்கைப் பொருட்காட்சிச்சாலையின் தலைவரானார். எக்ஸ் சுற்றுப்புற மலைகளின் படிவுகள் எவ்வாறு அமைந்தன, எவ்வாறு மடிந்தன என்பனவற்றை அவர் செசானுக்கு விளக்கினார். செசானின் வரைபுத்தகம் ஒன்றில் மரியோன் எழுதிய நிலநூற் குறிப்புகள் இன்றும் காணக் கிடக்கின்றன. ஆதலின், செசான் மலையைப் பார்த்தபோது பச்சைப் போர்வையை மட்டும் பார்த்தாரல்லர். அதன் கீழுள்ள எலும்பையும் பார்த்தார்.

தீட்டிய முறை

1895-இல் பிபேமுஸில் ஒரு சிறு கற்குடிலை அவர் வாடகைக்குப் பிடித்தார். 1904 வரை அது அவர் கையில் இருந்தது. அங்கே வண்ணங்களையும் துணிச்சட்டங்களையும் வைத்துக்கொண்டு, நாள்தோறும் நடந்து சென்று, அதே பாறையின்முன் அமர்ந்தார். ஒரு தூரிகைக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே நெடுநேரம் பார்த்துக்கொண்டேயிருப்பது அவர் வழக்கம் என்று அவரை அறிந்தோர் கூறினர்.

படத்தைக் கூர்ந்து நோக்கினால் அவருடைய முறை விளங்கும். பாறையின் விளிம்பைக் கருங்கோட்டால் வளைத்துவிட்டுள்ளே வண்ணம் நிரப்பும் பழக்கம் அவரிடம் இல்லை. சிறுசிறு வண்ணத் தட்டுகளைச் செங்கல் அடுக்குவது போல் ஒரே சாய்வில் அடுக்கிக்கொண்டு போகின்றார். செம்மஞ்சள் நம்மை நோக்கி வருவது போலவும், நீலமும் பச்சையும் பின்வாங்குவது போலவும் கண்ணுக்குத் தோன்றும் இயல்பு உண்டு. அவ்வியல்பைக் கொண்டே பாறையின் முகப்பையும் பக்கவாட்டையும் அவர் திருப்பிக் காட்டுகின்றார். நிழலுக்குக் கருமை சேர்ப்பது பழைய முறை. செசானின் நிழலோ நீலமாகவும் ஊதாவாகவும் மின்னுகின்றது. மரத்தின் பச்சையைத் தீட்டிய அதே சாய்வான கோடுகளாலேயே பாறையையும் தீட்டுகின்றார். ஆகவே மரமும் பாறையும் வேறு வேறு பொருள்களாகப் பிரிந்து நில்லாமல், ஒரே மலையின் தசையும் எலும்புமாக இணைகின்றன.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒற்றைக் கண்ணை ஓரிடத்தில் நிறுத்திப் பார்ப்பவனுக்குத் தோன்றும்படி, தூரப் பொருளைச் சுருக்கிக்கொண்டே போவது ஐரோப்பிய ஓவியத்தின் நானூறாண்டு விதி. செசானின் பாறைகள் அவ்விதிக்கு அடங்கவில்லை. தலையைத் திருப்பியும், சற்றே நகர்ந்தும், நாள் பலவாகவும் பார்த்தவனுடைய கண்ணுக்கு மலை எங்ஙனம் திரளுமோ, அங்ஙனம் அவை திரண்டுள்ளன. வந்து போகும் வழிப்போக்கனுக்கு மலை ஒரு காட்சி. அங்கேயே நாள்தோறும் நிற்பவனுக்கு அது வேறு. பின்னவனுடைய பார்வைக்குத் துணிமேல் முதன்முதலாக இடங்கொடுத்தவர் செசான் எனலாம்.

மறதியும் புகழும்

பாரிஸில் ஆம்புருவாஸ் வொல்லார் என்னும் படவாணிகர், 1895-இல் செசானுடைய படங்களைத் தனியே காட்சிக்கு வைத்தார். அப்போது செசானுக்கு வயது ஐம்பத்தாறு. இளம் ஓவியர் சிலர் வியந்தனர், பலர் நகைத்தனர். 1906 அக்டோபர் 15-ஆம் நாள், வெளியே தீட்டிக்கொண்டிருந்த கிழவர் மழையில் அகப்பட்டு மயங்கி வீழ்ந்தார். சலவைக்காரர் வண்டி ஒன்றில் அவரை வீடு சேர்த்தனர். ஒரு வாரத்திற்குள் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு பாரிஸ் இலையுதிர்காலக் காட்சியில் அவருடைய படங்கள் ஐம்பத்தாறு ஒருங்கே வைக்கப்பெற்றன. ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே அங்கே மீண்டும் மீண்டும் சென்று, கண்டதைத் தம் மனைவிக்குக் கடிதங்களாக எழுதினார். பிக்காசோவும் பிராக்கும் அப்படங்களினின்றும் புதியதொரு நெறியை வகுத்தனர்.

1910 நவம்பரில் இலண்டன் கிராஃப்டன் கூடத்தில் ரோஜர் ஃபிரை என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் ஒரு காட்சி நடத்தினார். செசான், கோகேன், வான் கோக் ஆகிய மூவரும் அதன் தூண்கள். மூவரும் அப்போது உயிரோடில்லை. இவர்களுக்கு என்ன பெயரிடுவது என்ற கேள்வி எழுந்தபோது, வேறு பொருத்தமான பெயர் கிடைக்காமையின், இம்ப்ரெஷனிஸ்டுகளுக்குப் பின்வந்தோர் என்னும் பொருள்பட ‘போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட்’ என்றார் ஃபிரை. இலண்டன் மக்கள் கூட்டங்கூட்டமாக வந்தனர். பெரும்பாலோர் சிரித்துவிட்டுச் சென்றனர். பித்தர் வேலை என்றும், குழந்தைக் கிறுக்கல் என்றும் தாள்கள் எழுதின.

அதே 1910-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதே இலண்டனில் மற்றொரு சிரிப்பும் கேட்டது. அது நம்மைப் பற்றியது. கலைக்கழகக் கூட்டமொன்றில் இந்தியக் கலையின் உயர்வைப் பற்றிப் பேசினார் ஈ. பி. ஹாவெல். அவர் 1884 முதல் 1892 வரை சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராய் இருந்தவர். கூட்டத்திற்குத் தலைமை வகித்த சர் ஜார்ஜ் பேர்ட்வுட், இந்தியாவில் உயர்கலை என்பதே இல்லையென்றும், சாவகத்துப் புத்தர் திருவுருவம் ஒன்று வேகவைத்த மாவுக் களிக்கு மேம்பட்டதன்றென்றும் பொருள்படப் பேசினார். இதனை மறுத்து ஆங்கிலக் கலைஞரும் அறிஞருமாகிய பதின்மூவர் ‘டைம்ஸ்’ இதழுக்குக் கடிதம் எழுதினர். அவ்வாண்டே இலண்டனில் இந்தியக் கலைக்கென ஒரு சங்கமும் தோன்றியது.

அச்சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றவருள் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877-இல் பிறந்தவர். ஈழத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகனார். அவர் கலை ஆராய்ச்சியாளராய்ப் பிறந்தவரல்லர். அவர் முதலிற் பயின்றது பாறைநூல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத்துறையின் தலைவராய், ஊரூராய், மலைமலையாய் நடந்தவர். பாறை தேடிச் சென்ற அக்கால்கள், வழியிலே கொல்லர், தச்சர், ஓவியர் ஆகியோரின் அழிந்துவரும் தொழிலைக் கண்டன. 1908-இல் அவர் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலைபற்றிய பெருநூல் அங்ஙனம் பிறந்ததே. நிலநூலறிஞரின் துணையால் மலையின் எலும்பைக் கண்ட ஓவியர் ஒருபுறம். நிலநூலறிஞராய் மலையில் நடந்து கலையைக் கண்ட தமிழ்மகனார் மறுபுறம். இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவரல்லர். இருவரும் ஒரே கொள்கையினரும் அல்லர். கல்லைப் பொறுமையாகப் பார்ப்பவனுக்குக் கல்லுக்கு அப்பாலும் சில புலப்படும் என்பதற்கு இருவர் வாழ்வும் சான்று.

எள்ளல் சில வேளைகளில் சட்டமாகவும் மாறுவதுண்டு. செசானின் பிபேமுஸ் படத்தை வாங்கியவர் கார்ல் எர்ன்ஸ்ட் ஓஸ்ட்ஹவுஸ் என்னும் ஜெர்மானியர். 1906-இல் எக்ஸ் நகர் சென்று கிழவரை நேரிற் கண்டவர் அவர். அவர் இறந்தபின் 1922-இல் அவருடைய தொகுப்பு எஸ்ஸன் நகரத்துக்கு வந்தது. 1937-இல் நாஜி அரசு, ‘சீர்கெட்ட கலை’ என்று முத்திரை குத்தி, அந்நகரக் காட்சிச்சாலையினின்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகளைப் பறித்தது. பாறையும் மரமுமே கொண்ட இப்படமும் அவற்றோடு போயிற்று. நாஜித் தலைவருள் ஒருவரான கோரிங் அதனைத் தம் கையாட்கள் வழியே வெளிநாட்டுக்கு விற்றார். 1964-இல்தான் எஸ்ஸன் நகரம் அதனை மீட்டது. அரசனைத் தீட்டவில்லை, அரசைத் திட்டவும் இல்லை, பாறையைத் தன் கண்ணாற் கண்டான். அதுவே குற்றம்! எப்படிப் பார்க்க வேண்டும் என்று கட்டளையிடும் ஆட்சிக்கு, தானே பார்க்கும் கண் பகையாகத்தானே தோன்றும்?

நம்மவர் மலையைக் கண்ட விதம்

இனி நம் பக்கம் திரும்புவோம். நிலத்தை முதற்பொருளாகக் கொண்டு கவிதை இலக்கணம் வகுத்தவர் தமிழர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய ‘மலைபடுகடாம்’, பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகள் உடையது. 1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது அது மீண்டும் உலகுக்கு வந்தது. அதில் மலை ஒரு பின்னணிச் சீலையன்று. பரிசில் பெற்று மீள்பவன் ஒருவன், எதிர்வரும் கூத்தரைக் கண்டு வழி கூறுகின்றான்: எங்கே பாறை வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த கற்பொறி இருக்கும், எங்கே தினைப்புனங் காப்பவர் கவண்கல் பறந்துவரும் என்றெல்லாம் அடையாளம் சொல்கின்றான். நடந்து பார்த்தவன் வாய்மொழியன்றோ இது!

ஓவியத்தில் நம் நிலை வேறு. சித்தன்னவாசலின் குடைவரைக் கூரையில் ஒன்பதாம் நூற்றாண்டளவில் தீட்டப்பெற்ற தாமரைக் குளம் இருக்கின்றது. யானையும் மீனும் மலர் கொய்வோரும் அதில் உளர். அதனைத் தாங்கி நிற்கும் பாறைக் குன்றோ படத்தில் இல்லை. அஜந்தா ஓவியர் பாறைகளைக் கட்டைகட்டையாக அடுக்கி அழகுபட எழுதினர். எனினும் அவை கதை நிகழும் இடத்திற்கு அறிகுறியே. இன்ன ஊரில் உள்ள இன்ன குன்று என்று சுட்டத்தக்கன அல்ல.

குறிப்பிட்ட ஒரு தமிழ்நாட்டுக் குன்றை அதன் வடிவிலேயே எழுத வந்தவருள் முன்னோர் வெளிநாட்டினர். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கிலேயர் இருவர், சிற்றப்பனும் மகனும் முறையினர், 1792, 1793-ஆம் ஆண்டுகளில் தென்னாட்டில் பயணம் செய்தனர். கோட்டைக் குன்றுகளையும், அருவிகளையும், கோயில்களையும் நுட்பமாக வரைந்து இலண்டனில் அச்சிட்டனர். திறமையில் குறையொன்றும் இல்லை. ஆயினும் அவர் வந்த காலம், திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியார் கைக்கு மாறிய காலம். புதிதாய்க் கைக்கு வந்த நிலத்தை உடையவன் காணும் பார்வை அப்படங்களுள் இழையோடுகின்றது. 1802-இல் பரங்கிமலையருகே லாம்டன் நில அளவைக்கு அடிக்கோடு இட்டபோது, நம் குன்றுகள் அளவைக் கருவிகளுக்கு நிலைகளாயின. குன்றை உடையவன் கண்டான். குன்றை அளப்பவன் கண்டான். குன்றில் கல் உடைப்பவனுடைய பார்வையோ தாளில் ஏறவில்லை.

புதிய பார்வை வந்த வழி

செசான் வழிவந்த பார்வை கீழ்நாடுகளுக்கு மூன்று துறைகளால் வந்தது எனலாம். முதலாவது கொழும்பு. 1920களில் இலங்கைக் கல்வித்துறையில் ஓவியக் கண்காணிப்பாளராயிருந்த சார்ல்ஸ் ஃப்ரீக்ரோவ் வின்சர், பாரிஸின் புதிய நெறிகளை இளைஞர்க்கு அறிமுகப்படுத்தினார். அவ்வித்து முளைத்து, 1943-இல் லயனல் வெண்ட் இல்லத்தில் ‘நாற்பத்து மூன்றாம் ஆண்டுக் குழு’ என்னும் ஓவியர் கூட்டமாயிற்று. ஜார்ஜ் கீட், ஐவன் பீரிஸ் முதலியோர் அதனைச் சேர்ந்தவர்.

இரண்டாவது சென்னை. 1929-இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமையை ஏற்றார் தேவி பிரசாத் ராய் சௌதுரி. கோயம்புத்தூரில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர், தந்தித்துறையில் வேலை பார்த்தபின், 1936-இல் அப்பள்ளியிற் சேர்ந்து பயின்றார். அவருடைய தொடக்ககாலப் படங்கள் வெட்டவெளியில் தீட்டிய நீர்வண்ண நிலக்காட்சிகளே. வான் கோக், கோகேன் ஆகியோரின் நெறி அவரை ஈர்த்தது. 1944-இல் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவினார். அவருடைய ஆசிரியரான ராய் சௌதுரி வடித்த உழைப்பாளர் சிலை, 1959-இல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்றது. அதில் நால்வர் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்க உடல் வருந்தி உழைக்கின்றனர். எவ்வளவோ கல்லைச் சுமந்த நாட்டில், கல்லோடு போராடும் கூலியாளுக்குக் கடற்கரையில் இடம் கிடைத்தது அன்றுதான்.

மூன்றாவது சிங்கப்பூர். அங்கே 1938-இல் நன்யாங் நுண்கலைக் கழகம் தோன்றியது. மலாக்காவை அடுத்த மூவாரில் இளமையைக் கழித்த லியூ காங் என்னும் சீனர், பாரிஸ் சென்று செசானையும் கோகேனையும் கற்றுத் திரும்பினார். பாரிஸிற் பயின்ற ஜார்ஜெட் சென் அம்மையார் 1950களில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் குடியேறி, மலாயாவின் பழங்களையும் படகுகளையும் மக்களையும் செசான் வழி வந்த திண்மையோடு தீட்டினார். கழகத்தில் பல்லாண்டு ஆசிரியராகவும் விளங்கினார். சீன மைத்தூரிகையையும் பிரெஞ்சு வண்ணத்தையும் இணைத்து இவர்கள் மலாயாவுக்கென்று ஓர் ஓவிய நெறியைச் சமைத்தனர். தாம் வாழும் மண்ணைத் தம் கண்ணாற் காண வேண்டும் என்னும் உறுதியே அவரை இயக்கியது.

லூபோக் சீனாவின் சரிவுகள்

லூபோக் சீனா, மலாக்காவின் வட எல்லையில், அலோர் காஜா மாவட்டத்தில், லிங்கி ஆற்றையடுத்து உள்ள சிற்றூர். அதற்கு அண்மையில், நெகிரி செம்பிலான் எல்லைக்குள், பெங்காலான் கெம்பாஸ் என்னுமிடத்தில் பழங்காலத்து நெடுங்கற்கள் நிற்கின்றன. செதுக்கு வேலை அமைந்த அவற்றை மக்கள் வாளென்றும், சுக்கானென்றும், கரண்டியென்றும் அழைப்பர். அருகே 1467-ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டொன்றும் உண்டு. கல்லை நட்டு நினைவைக் காத்தவர் வாழ்ந்த நிலம் அது.

அதே மாநிலத்தில், 1896-இல், தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக முறையில் அமைந்த முதல் இரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்த இருபதாண்டுகளில் மேற்குக் கரையின் குன்றுகள் எல்லாம் பால்மரக் காடுகளாயின. அவற்றில் உழைக்கத் தமிழ்நாட்டினின்றும் கப்பல் கப்பலாக ஆள் வந்தது. இலண்டனில் செசானைக் கண்டு சிரித்த அதே 1910-ஆம் ஆண்டில்தான் மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் முறை நிறுத்தப்பட்டது. கங்காணி முறை அதன்பின்னும் தொடர்ந்தது.

பால்வெட்டுத் தொழிலாளியின் கண்ணை எண்ணிப் பாருங்கள். வெயிலேறுமுன் பால் நன்கு ஓடும் என்பதால், இருள் பிரியும் வேளையிலேயே அவள் நிரைக்குச் செல்கின்றாள். எந்த மரத்தின் பட்டை கரடு, எந்தச் சரிவில் கால் வழுக்கும், எந்தப் பாறையருகே பாம்பு கிடக்கும், எந்த மேட்டில் முதல் ஒளி விழும் என்பன அவளுக்கு மனப்பாடம். நூற்றுக்கணக்கான மரங்களை ஒவ்வொன்றாக அறிந்தவள் அவள். செசான் ஒன்பதாண்டு நடந்து பெற்ற பார்வையை அவள் தலைமுறை தலைமுறையாகப் பெற்றிருந்தாள். மலைபடுகடாத்தில் வழி சொன்னவனுடைய நேர்வழித்தோன்றல் அவளே.

அங்ஙனமாயின் வேறுபாடு எங்கே? இதனை மறைக்காமற் சொல்ல வேண்டும். செசானுக்குத் தந்தையார் திங்கள்தோறும் பணம் அனுப்பினார். 1886-இல் தந்தை இறந்தபின் பெருஞ்சொத்து வந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரு படமும் விலைபோகாதபோதும் அவர் பட்டினி கிடக்கவில்லை. பாறைமுன் நாள் முழுதும் அமர அவர்க்கு ஓய்வு இருந்தது. பால்வெட்டியவளுக்குக் கண் இருந்தது, ஓய்வு இல்லை. கை இருந்தது, தாளும் வண்ணமும் இல்லை. அறிவு இருந்தது, அவ்வறிவு மதிக்கத்தக்கது என்று சொல்வார் இல்லை. கலை பிறவிச் செல்வர்க்கே உரியது என்பார் கூற்று எவ்வளவு பொய்யானது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அவர்கள் கலையின் வித்து என்று கருதுவது, பெரும்பாலும் ஓய்வின் விளைச்சலே.

அச்சரிவுகளும் அப்படியே நிற்கவில்லை. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, மலாயாவெங்கும் ஆயிரக்கணக்கானோர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். 1960-இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது அத்துயரினின்றே. எஞ்சிய தோட்டங்கள் பலவற்றில் பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தது. சில குன்றுகள் மண்ணுக்காகவும் கல்லுக்காகவும் கரைந்தன. பிபேமுஸில் உளி ஓய்ந்தபின் ஓவியர் வந்தார். நம் சரிவுகளுக்கு யார் வந்தார்?

வருவோர் இல்லாமலில்லை. சென்னைக் கலைப்பள்ளியிற் பயின்ற சையத் தாஜுதீன், பினாங்கிற் பிறந்த நிர்மலா சண்முகலிங்கம் போன்றோர் மலேசிய ஓவியத்தில் இடம்பெற்ற இந்திய வழியினர். ஆகவே வழி மூடிக்கிடக்கவில்லை. ஆயினும், ஓவியம் என்பது பாடவேளையில் மிஞ்சிய நேரத்துக்கு உரியது என்றும், பிள்ளை வரைந்தால் படிப்புக் கெடும் என்றும் எண்ணும் பெற்றோர் நம்மிடையே இன்னும் பலர். செசானின் தந்தையாரும் அவ்வாறே எண்ணினார் என்பதை அவர்க்கு எடுத்துச் சொல்லலாம்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியோர் இன்னும் நம்மிடையே உளர். எந்த மேட்டுக்கு என்ன பெயர், எந்த வளைவில் எந்தப் பாறை, எங்கே லயம் இருந்தது, எங்கே கிணறு இருந்தது என்பனவற்றை அவர் அறிவர். தமிழ்ப் பள்ளிகளும் மன்றங்களும் பிள்ளைகளை அவரோடு சேர்த்து அச்சரிவுகளுக்கு அனுப்பட்டும். கையில் ஒரு தாளும் இரண்டு மூன்று வண்ணமும் இருந்தாற் போதும். பிரெஞ்சு ஓவியரைப் போலத் தீட்ட வேண்டுவதில்லை. அழகாகத் தீட்டவும் வேண்டுவதில்லை. ஒரே மேட்டின்முன் பல நாள் சென்று அமர்ந்து, செம்பூரான்கல்லின் சிவப்பு காலையில் எப்படி, மழைக்குப் பின் எப்படி என்று கண்டு எழுதட்டும். முதியவர் பெயர் சொல்லட்டும். பிள்ளை அதைப் படத்தின் அடியில் குறிக்கட்டும். குன்று போனாலும், அதில் உழைத்தவர் அதனை எப்படிக் கண்டார் என்பது அத்தாளில் இருக்கும்.